நகராட்சி அலுவலகமும் பூங்காவும்: பழுதுபார்ப்பதா, இடித்துக் கட்டுவதா, இடம் மாற்றுவதா?

"நூறு வருடத்துக் கட்டடம், மழை பெய்தால் வரி கட்டும் கவுண்டருக்குப் பக்கத்திலேயே பக்கெட் வைக்க வேண்டியிருக்கிறது, பக்கத்துப் பூங்காவும் புதர் மண்டிக் கிடக்கிறது, இரண்டையும் சேர்த்துப் புதிதாகக் கட்டிவிடலாம் என்கிறார் சேர்மன், நாங்கள் என்ன சொல்வது?" ஊர் மாறும், வார்த்தைகள் மாறும், கேள்வி இதுதான். கேட்பவர்களில் கவுன்சிலர்களும் உண்டு, பூங்காவில் காலையில் நடக்கிறவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் பல நகராட்சிகள் 1866 வாக்கில் உருவானவை, அவற்றின் அலுவலகமும் பூங்காவும் அடுத்தடுத்த மனைகளில்தான் பெரும்பாலும் இருக்கும். அதனால் ஒன்றைத் தொட்டால் மற்றதும் ஆடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூங்கா நிலத்தின் எல்லையை முதலில் முடிவு செய்யுங்கள், கட்டடத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். வரிசையை மாற்றிப்போட்டால் கட்டடம் தனக்கு வேண்டிய இடத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் பூங்காவுக்கு விடும்.

## எதை வைத்து எடை போடுவது

யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள். இதைக் கணக்கிடாமலே எஸ்டிமேட் போடுகிறார்கள். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் எல்லாம் இணையத்தில் கட்டலாம் என்றாகிவிட்டது. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி மனை வரை, 3,500 சதுர அடி கட்டடம் வரை வீட்டு வரைபட அனுமதிக்கு நகரமைப்புப் பிரிவின் படியேற வேண்டியதில்லை. இன்னமும் நேரில் வருகிறவர்கள் யார்? போன் வைத்துப் பணம் கட்டத் தெரியாத பெரியவர்கள், பிறப்புச் சான்றிதழில் பெயர்த் திருத்தத்துக்கு அலைகிறவர்கள், தண்ணீர் வரவில்லை என்று சண்டை போட வருகிறவர்கள், ஒப்பந்தக்காரர்கள். கூட்டம் குறைந்துகொண்டே போகிறது, வருகிறவர்களோ முன்னைவிட வயதானவர்கள், ஏழைகள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வரும் தூரமும், வாசலில் எத்தனை படி என்பதும் முன்னைவிட முக்கியமாகிவிட்டன.

கட்டடத்தின் உண்மையான நிலை. "பழசாகிவிட்டது" என்பது ஒரு முடிவில்லை. சுத்தியல் சோதனை, மீயொலிச் சோதனை, காங்கிரீட்டில் துளையிட்டு மாதிரி எடுத்து அழுத்திப் பார்க்கும் சோதனை என்று இருக்கின்றன, பொறியியல் கல்லூரிகளின் கட்டுமானத் துறைகளே செய்து அறிக்கை தருகின்றன. மொத்தத் திட்டச் செலவில் அது ஒரு துளிதான். அறிக்கை இல்லாமல் மன்றத்தில் தீர்மானம் வந்தால், எதிர்த்துப் பேச அதுவே போதும்.

பணம், இரண்டு வகையாக. கட்டுவதற்கு ஆவது ஒன்று, கட்டிய பிறகு வருடா வருடம் ஆவது இன்னொன்று. முதலாவதுக்கு மானியம் வரும், நகர்ப்புறத் திட்டங்களுக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான டுஃபிட்கோவின் கடன் வரும். இரண்டாவதுக்கு யாரும் தர மாட்டார்கள், அது சொத்து வரியிலிருந்துதான் போக வேண்டும்.

நிலம். யார் பெயரில், என்ன வகைப்பாட்டில் இருக்கிறது, பூங்கா என்று பதிவாகியிருக்கிறதா.

இடைக்காலம். வேலை நடக்கும் இரண்டு மூன்று வருடம் அலுவலகம் எங்கே ஓடும், பதிவேடுகள் எங்கே இருக்கும்.

## வழி 1: பழையதைப் பழுதுபார்த்து, பின்னால் இணைப்புக் கட்டடம்

இதற்கு நம் கண் முன்னால் இருக்கிற பெரிய உதாரணம் சென்னை ரிப்பன் மாளிகை. 1909இல் அடிக்கல் நாட்டி, லோகநாத முதலியார் என்ற ஒப்பந்தக்காரர் கட்டி, 1913இல் திறந்தார்கள். அன்றைய செலவு ஏழரை லட்சம் ரூபாய். மாநகராட்சி அதைவிட்டுப் போகவில்லை, பழையதைச் சீரமைத்துக்கொண்டு பின்னால் அம்மா மாளிகை என்று புதிய கட்டடம் கட்டிப் பிரிவுகளைப் பிரித்துக்கொண்டது. கோவையில் 1892இல் கட்டிய விக்டோரியா ஹாலில்தான் மன்றக் கூட்டம் நடக்கிறது, அந்தப் பகுதிக்கே டவுன் ஹால் என்று பெயர். சிறு நகராட்சிக்கு இந்த அளவெல்லாம் தேவையில்லை, ஆனால் ஏற்பாடு அதேதான்: பொதுமக்கள் வரும் கவுண்டரும் மன்ற அறையும் பழைய கட்டடத்தில், மேசை வேலையும் கணினியும் பதிவறையும் பின்னால்.

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. நகராட்சி வளாகத்தில் பொதுவாக இரண்டு வயதுக் கட்டடங்கள் இருக்கும். முன்னால் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த பழையது, பக்கத்தில் எழுபதுகளிலோ எண்பதுகளிலோ ஒட்டவைத்த காங்கிரீட் கட்டடம். சோதித்துப் பார்த்தால் அடிக்கடி இளையதுதான் மோசமான நிலையில் இருக்கும். கம்பிக்கு மேல் போதுமான காங்கிரீட் கனம் விடாமல் வார்த்திருப்பார்கள், ஈரம் உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்து ஊதி, கூரையின் அடிப்பாகம் தட்டுத் தட்டாகப் பெயர்ந்து விழும். கடலோர ஊர் என்றால் உப்புக் காற்றும் சேர்ந்து இதை இன்னும் சீக்கிரமாக்கும். பழைய சுண்ணாம்புச் சுவருக்கு அந்த நோய் கிடையாது, உள்ளே கம்பியே இல்லையே.

அதன் நோய்கள் வேறு. கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வருடக்கணக்கில் பிடுங்காமல் விட்டிருப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் தளத்தில், அதாவது தேக்கு உத்தரங்களுக்கு மேல் செங்கல்லை நிறுத்திச் சுண்ணாம்பில் கோத்து, அதன்மேல் ஜல்லிக் காரையும் தட்டோடும் போட்ட அந்தத் தளத்தில், தண்ணீர் போகும் வாட்டம் கெட்டிருக்கும், வடிகுழாய் அடைத்திருக்கும். எல்லாவற்றையும்விட மோசம், சுண்ணாம்புப் பூச்சு உதிர்கிறது என்று யாரோ ஒரு காலத்தில் மேலே சிமெண்ட் பூசியது. சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும், ஓதம் மேலே மேலே ஏறும். அப்புறம் "சுவர் ஊறிப்போச்சு, இடிக்கணும்" என்பார்கள். இடிக்க வேண்டியது அந்தச் சிமெண்ட் பூச்சைத்தான்.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்லாமல் இந்த வழியைப் பரிந்துரைப்பது சரியில்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் காரையைப் புளிக்கவைத்து அரைக்கும் வேலைக்கு வழக்கமான அரசு விலைப்பட்டியலில் சரியான விலை இருக்காது, உள்ளூர் ஒப்பந்தக்காரர் டெண்டருக்கே வர மாட்டார். தளத்தின் தட்டோடுகளைப் பிரித்த பிறகுதான் எந்த உத்தரம் உளுத்திருக்கிறது என்று தெரியும், ஆகவே எஸ்டிமேட் நிச்சயம் ஏறும், எதிர்பாராச் செலவு என்று கணிசமாக ஒதுக்கி வைக்காவிட்டால் வேலை பாதியில் நிற்கும். மின்வயர் முழுவதும் மாற்ற வேண்டும். மரத் தளத்தின் மேல் இரும்பு அலமாரிகளையும் பதிவேட்டுக் கட்டுகளையும் அடுக்கக் கூடாது, அவை பின்கட்டடத்தின் தரைத்தளத்துக்குப் போக வேண்டும். சாய்தளமும், மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையும் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி பழைய கட்டடத்துக்கும் கட்டாயம், ஆறு படி உயர அடித்தளத்துக்குச் சாய்தளம் போட்டால் அது எவ்வளவு நீளம் வரும் என்று முன்கூட்டியே வரைந்து பாருங்கள். பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி என்ற வாட்டத்தில், மூன்றடி உயரத்துக்கு 36 அடி வேண்டும்.

எப்போது இதுவே சரி: பழைய சுவர்கள் தேறுகின்றன, இடித்துவிடக்கூடிய எண்பதுகளின் இணைப்பு ஒன்று பின்னால் இருக்கிறது, அலுவலகம் ஊர் நடுவில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பழைய நகராட்சிகளில் பாதிக்கு மேல் இந்த வகையில்தான் விழும் என்பது என் எண்ணம்.

## வழி 2: இடித்துவிட்டு அதே இடத்தில்

சில கட்டடங்களைக் காப்பாற்றக் கூடாது. சாலை போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, அலுவலகத் தரை ரோட்டைவிட இரண்டடி கீழே போய்விட்ட ஊர்கள் இருக்கின்றன. அரை மணி மழைக்கு வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும், மோட்டார் வைத்து இறைப்பார்கள். அங்கே சுவரைப் பழுதுபார்த்து என்ன பயன்? அதேபோல் முழுக் கட்டடமும் எழுபது எண்பதுகளின் காங்கிரீட், கம்பி துரு எல்லாத் தூண்களிலும் பரவியிருக்கிறது என்று அறிக்கை சொன்னால், உணர்ச்சிவசப்படாமல் இடித்துவிடுவதே நல்லது.

இந்த வழியின் பலம், இடம் மாறாததுதான். மக்களுக்குப் பழகிய இடம், நிலத் தகராறு இல்லை, பூங்காவையும் தொட வேண்டியதில்லை.

ஆனால் அளவு ஊதிப்போவது இங்கேதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மேசை வேலை பார்க்கிறவர்கள் 60 பேர் என்றால் ஆளுக்கு 100 சதுர அடி வீதம் 6,000. முப்பத்துமூன்று கவுன்சிலர்கள் உட்காரும் மன்ற அறை 1,500. கவுண்டர், காத்திருக்கும் இடம், பதிவறை, கழிப்பறை, படிக்கட்டு எல்லாம் 4,500. மொத்தம் 12,000 சதுர அடியில் முடிந்துவிடும். சதுர அடிக்கு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3.6 கோடி, அதன்மேல் ஒப்பந்த வேலைக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் சுமார் 4.25 கோடி. இதையே தலைவருக்குத் தனிக் கூடம், வி.ஐ.பி. அறை, "எதிர்காலத் தேவை" என்று 25,000 சதுர அடியாக்கினால் 8.85 கோடி. கூடுதல் நாலரைக் கோடியைக் கடனாக வாங்கி 9 சதவீத வட்டி என்றால் வட்டி மட்டும் வருடத்துக்கு 40 லட்சத்தைத் தாண்டும். எத்தனை தெருவிளக்கு, எத்தனை வடிகால் தூர்வாரல் என்று மன்றத்தில் கேளுங்கள். இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் எண்களைப் போட்டுப் பாருங்கள், விகிதம் பெரிதாக மாறாது.

அடுத்தது, இடைக்காலம். தற்காலிகம் என்று போகிற இடத்தில் எத்தனை வருடம் இருக்க வேண்டியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்தில் பழைய நகர மண்டபம் போரில் அழிந்தபின் மாநகர சபை பல பத்தாண்டுகள் நல்லூரில்தான் இயங்கியது, பழைய இடத்தில் புதிய மண்டபத்துக்கு அடிக்கல் விழுந்தது 2019இல். அது போர் செய்த வேலை, ஒப்பிடக் கூடாதுதான். ஆனால் போரே இல்லாத ஊரிலும் சமுதாயக் கூடத்துக்கு மாறிய அலுவலகம் டெண்டர் வழக்கில் மாட்டி அங்கேயே தங்கிவிடும், ஏழைக் குடும்பங்கள் கல்யாணத்துக்கு வாடகை மண்டபம் தேட வேண்டிவரும். அந்தச் செலவு எந்த எஸ்டிமேட்டிலும் வராது.

பதிவேடுகளுக்கு இந்தக் காலம் இன்னும் ஆபத்தானது. பிறப்பு இறப்புப் பதிவேடு, பழைய வரிவிதிப்புப் பதிவேடு, மன்றத் தீர்மானப் புத்தகம் எல்லாம் சிவப்புத் துணியில் கட்டி, ஓரம் பொடியாக உதிரும் காகிதங்கள். சொத்து வழக்குக்கும் வாரிசு வழக்குக்கும் ஐம்பது அறுபது வருடத்துப் பக்கம் தேவைப்படும். லாரியில் ஏற்றும் முன் ஸ்கேன் செய்வதற்குத் தனியாகப் பணம் ஒதுக்காத எந்த இடிப்புத் தீர்மானத்துக்கும் கை தூக்காதீர்கள்.

இன்னும் இரண்டு. வளாகச் சுவரை ஒட்டி நகராட்சியே கட்டி வாடகைக்கு விட்ட கடைகள் இருக்கும், அவர்களில் ஒருவர் நீதிமன்றத்தில் தடை வாங்கினாலும் மொத்த வேலையும் நிற்கும், நிற்கிற காலத்துக்கு வாடகை வரவும் போகும். அப்புறம், இடிக்கிற பழைய கட்டடத்தின் தேக்கு உத்தரம், கதவு, நிலை. இதை "இடிபாடுகளை அகற்றுதல்" என்ற ஒரே வரியில் சேர்த்து ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடுவார்கள். பழைய தேக்குக்குச் சந்தையில் என்ன விலை என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அளந்து, பட்டியலிட்டு, தனி ஏலம் விடச் சொல்லுங்கள்.

## வழி 3: பூங்காவில் கட்டிவிட்டு, பழைய இடத்தைப் பூங்காவாக்குவது

கேட்க மிக அழகான திட்டம். பழைய அலுவலகம் ஓடிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் புதியது எழும், ஒரே நாளில் மாறிவிடலாம், தற்காலிக வாடகை இல்லை, பிறகு பழையதை இடித்துவிட்டு மரம் நடலாம். எஞ்சினியர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். எனக்குத்தான் பிடிக்கவில்லை, காரணம் சென்னையிலேயே இருக்கிறது.

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க் என்று ஒன்று இருந்தது. கவர்னர் சார்லஸ் டிரவெல்யன் காலத்தில், 1859–60இல் திட்டமிட்டது. 116 ஏக்கர், உள்ளே பதினொரு குளம், பாண்டு வாத்திய மேடை, பிற்பாடு மிருகக்காட்சிச் சாலை. முதலில் விக்டோரியா பப்ளிக் ஹாலுக்கு என்று 57 கிரவுண்டு 99 வருடக் குத்தகைக்குப் போனது. அடுத்து, மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்டிய மூர் மார்க்கெட். அடுத்து ரிப்பன் மாளிகையே. அப்புறம் விளையாட்டு அரங்கம். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்துபோனது, அந்த இடம் திரும்பப் பூங்காவாகவா ஆனது? புறநகர் ரயில் நிலையமானது. அதே வருடம் மிருகக்காட்சிச் சாலையும் வண்டலூரில் திறக்கப்பட்டது. இப்போது மை லேடீஸ் பூங்கா என்று ஒரு மூலை மிஞ்சியிருக்கிறது. எந்தக் கட்டடமும் கெட்ட நோக்கத்தில் வரவில்லை, ஒவ்வொன்றும் ஊருக்குத் தேவையானதாகத்தான் இருந்தது. பூங்கா என்பது எப்போதும் "காலியாகக் கிடக்கிற" இடமாகவே அலுவலகக் கண்ணுக்குத் தெரியும்.

சட்டமும் இதற்கு எதிராகத்தான் நிற்கிறது. தமிழ்நாட்டில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959இலேயே சட்டம் வந்துவிட்டது. பட்டியலில் உள்ள பூங்காவை அரசின் முன் அனுமதி இல்லாமல் வேறு வேலைக்கு எடுக்க முடியாது. பெங்களூரில் ஒரு குடியிருப்பில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய மனையை மருத்துவமனை கட்டத் தனியார் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள், குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள், 1991இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று சொன்னது. மருத்துவமனைக்கே அந்தக் கதி என்றால் சேர்மன் அறைக்கு என்ன ஆகும்? பொதுநல வழக்கு வந்தால் தூண் எழும்பிய நிலையில் வேலை நிற்கும், மழையில் கம்பி துருப்பிடிக்கும்.

மரங்கள் வேறு. பொது நிலத்தில் மரம் வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். ஒன்றுக்குப் பத்து கன்று நடுவோம் என்பார்கள், ஐம்பது வருடத் தூங்குமூஞ்சி மரம் ஒன்று தரும் நிழலைப் பத்து புங்கங்கன்று தர எத்தனை வருடம் ஆகும் என்பது காலையில் அங்கே நடக்கிறவர்களுக்குத் தெரியும்.

பழைய இடம் பூங்காவாகும் என்ற பாதி வாக்குறுதியை நான் நம்பவே மாட்டேன். கட்டடம் திறந்து, கல்வெட்டு வைத்து, அடுத்த தேர்தலும் வந்துவிடும், அந்த முன்பக்க மனையின் கடை வாடகை மதிப்பை யாராவது கணக்குப் போடுவார்கள், "வணிக வளாகம்" என்று ஒரு மன்றப் பொருள் வரும்.

விதிவிலக்கு ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிகிறது. பூங்காவின் ஒரு மூலையில் ஏற்கனவே பாழடைந்த கட்டடம், பழைய பம்ப் ரூம், மூடிய வாசகசாலை என்று ஏதாவது நின்றால், அதே அடிப்பரப்புக்குள் சிறிய வரிவசூல் மையம் கட்டலாம். அதுவும், பழைய அலுவலக மனையைப் பூங்கா என்று அறிவித்த ஆணை கைக்கு வந்த பிறகு.

## வழி 4: புறவழிச்சாலைப் பக்கம் போவது

ஊருக்கு வெளியே நிலம் "சும்மா" கிடைக்கும் என்று தொடங்கும் பேச்சு இது. பெரும்பாலும் அது புறம்போக்கு, அதில் பாதி ஏரியோ குட்டையோ வாய்க்காலோ ஒட்டியது. பழைய வரைபடத்தில் நீர்நிலை என்று இருந்தால் அங்கே எந்த அரசுக் கட்டடமும் நீதிமன்றத்தில் நிற்காது, நின்றாலும் ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் தன் இடத்தைக் கேட்டு வரும்.

நிலம் சும்மா, மற்றதெல்லாம் காசு. அணுகுசாலை, வடிகால், தண்ணீர் இணைப்பு, மின்மாற்றி. அதைவிட, வருகிறவர்கள் சுமக்கும் செலவு. முதியோர் ஒருவர் பெயர்த் திருத்தத்துக்கு மூன்று நடை வருகிறார் என்றால், ஒவ்வொரு நடைக்கும் ஷேர் ஆட்டோ, அரை நாள் கூலி. கொஞ்ச நாளில் "ஊருக்குள் ஒரு சேவை மையம் வேண்டும்" என்று கோரிக்கை வரும், இரண்டு இடத்துக்கும் மின்கட்டணமும் காவலாளி சம்பளமும் கொடுப்பீர்கள். அந்தப் பக்கம் யாருடைய மனைகள் இருக்கின்றன என்றும் ஒரு பார்வை பார்த்துவைப்பது நல்லது, இதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் இது சரியாக வரும் ஊர்கள் உண்டு. 2024இல் காரைக்குடி, புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை நான்கும் மாநகராட்சியாகின. இப்படிச் சுற்றுவட்ட ஊராட்சிகள் சேரும்போது ஊரின் நடுப்புள்ளியே நகர்ந்துவிடும், பழைய அலுவலகம் இருக்கும் தேரடித் தெரு எல்லாருக்கும் தூரமாகிவிடும். புதிய பஸ் ஸ்டாண்ட் ஏற்கனவே வெளியே போய், நகரப் பேருந்துகள் எல்லாம் அங்கிருந்தே கிளம்பினால், அதற்கு எதிரில் போவது புத்திசாலித்தனம். சென்னை மாநகராட்சியும் எர்ரபாலு செட்டித் தெருவின் நெரிசலிலிருந்து 1913இல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் போனது. போக்குவரத்து முதலில் போகட்டும், அலுவலகம் பின்னால் போகட்டும்.

## ஒரே பார்வையில்

| | பழுதுபார்த்து இணைப்பு | இடித்து அதே இடம் | பூங்காவில் | ஊருக்கு வெளியே |
|---|---|---|---|---|
| மக்கள் வந்துபோக | மாற்றமில்லை | மாற்றமில்லை, இடையில் அலைச்சல் | மாற்றமில்லை | கடினம், பேருந்து இருந்தால் பரவாயில்லை |
| கட்டச் செலவு | நடுத்தரம், ஏறும் வாய்ப்பு அதிகம் | அதிகம் | அதிகம் | அதிகம், அணுகுசாலை தனி |
| வருடச் செலவு | கூரைப் பராமரிப்பு தொடரும் | லிஃப்ட், ஏ.சி., கடன் வட்டி | அதேதான் | இரண்டு அலுவலகச் செலவு |
| வழக்கு வரும் வாய்ப்பு | குறைவு | கடைக்காரர்களிடமிருந்து | மிக அதிகம் | நீர்நிலை என்றால் நிச்சயம் |
| பூங்காவுக்கு | பாதிப்பில்லை | கட்டுமானப் பொருள் கொட்டாமல் பார்க்க வேண்டும் | இழப்பு | பாதிப்பில்லை |
| எப்போது சரி | சுவர் நன்றாக இருந்தால் | தரை தாழ்ந்தால், கம்பி துரு பரவியிருந்தால் | ஏறக்குறைய எப்போதும் இல்லை | ஊர் உண்மையிலேயே நகர்ந்திருந்தால் |

## அப்போ பூங்காவை என்ன செய்வது

இங்கேயும் இரண்டு வழிதான். ஒன்று, "நவீனப்படுத்துவது": எல்லா இடத்திலும் பேவர் பிளாக், எட்டு வடிவ நடைபாதை, இசை நீரூற்று, உடற்பயிற்சிக் கருவிகள், ஃபைபர் மான், ஃபைபர் ஒட்டகச்சிவிங்கி, செல்ஃபி பாயின்ட். இன்னொன்று, இருப்பதைச் சுத்தம் செய்து ஓட வைப்பது: கழிப்பறை, குடிநீர், வெளிச்சம், உட்கார இடம், மண் பாதை, மரம்.

முதல் வழி திறப்பு விழாவில் ஜொலிக்கும். நீரூற்றின் மோட்டார் முதல் கோடைக்குப் பிறகு ஓடுவது அபூர்வம், தொட்டியில் கொசு வளரும், கொசு ஒழிப்புக்கும் அதே நகராட்சிதான் ஆள் அனுப்ப வேண்டும். பேவர் பிளாக்கை மரத்தின் அடிவரை ஒட்டிப் போட்டால் மழைத் தண்ணீர் வேருக்கு இறங்காது, சில வருடங்களில் உச்சிக் கிளை காயத் தொடங்கும். வேலைக்காகப் பூங்காவை மூடுவதும் ஒரு செலவே. தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா 1870களின் தொடக்கத்தில் நகராட்சி உண்டாக்கியது, ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சீரமைக்க மூடியது மறுபடி திறக்கப் பல ஆண்டுகள் ஆனது. பாதிப் பூங்காவைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபாதியில் வேலை செய்யும் நிபந்தனையை டெண்டரிலேயே எழுத முடியும், எழுதுவதில்லை.

இரண்டாவது வழிக்குக் கட்டச் செலவு குறைவு, ஆள் செலவு கட்டாயம். ஒரு நாளின் மூன்று ஷிஃப்டுக்குக் காவலாளி மூவர், தோட்டக்காரர் இருவர், ஆக ஐந்து பேர். மாதம் 15,000 என்று வைத்தாலும் வருடத்துக்கு 9 லட்சம். இதை யார் தருவது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் கோடிக்கணக்கில் புதுப்பிப்பதைவிட, அந்த 9 லட்சத்தை ஒவ்வொரு பட்ஜெட்டிலும் உறுதியாக ஒதுக்கும் தீர்மானம் பூங்காவைக் காப்பாற்றும். நுழைவுக் கட்டணம் போடலாமா என்றால், ஐந்து ரூபாய் வாங்க ஒரு ஆள் உட்கார்ந்தால் அவர் சம்பளமே வசூலைத் தின்றுவிடும். சாயங்காலம் வேலை முடிந்து வந்து பெஞ்சில் சாயும் கூலித் தொழிலாளியை வெளியே நிறுத்துவதும் அதே ஐந்து ரூபாய்தான்.

ஒரு சின்ன வேண்டுகோள். பல பழைய பூங்காக்களில் நடுவில் ஒரு ரேடியோ அறை இருக்கும், கம்பத்தில் கூம்பு ஒலிபெருக்கி, வீட்டில் வானொலி இல்லாத காலத்தில் சாயங்காலச் செய்தியைக் கேட்க ஊரே புல்தரையில் உட்காரும். இன்று அதில் விளக்குமாறும் உடைந்த நாற்காலியும் கிடக்கும். புதுப்பிக்கும் பட்டியலில் "பழைய கட்டுமானங்களை அகற்றுதல்" என்று பொதுவாக எழுதியிருந்தால் முதலில் போவது அதுதான். அதை வாசிப்பறையாக்குவதற்கு ஆகும் செலவு ஒரு ஃபைபர் ஒட்டகச்சிவிங்கிக் கூட்டத்துக்கு ஆவதைவிட அதிகமாக இருக்காது.

## முடிவே எடுக்காமல் இருந்தால்

அதுவும் ஒரு வழி, அதற்கும் விலை உண்டு. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் 1870–71இல் கட்டிய மேரி கட்டடம், நகராட்சி இயங்கிய இடம், பழுதுபார்ப்பது பற்றிப் பேசிக்கொண்டே இருந்த நிலையில் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு உலக வங்கி உதவியுடன், ஏறத்தாழ 15 கோடி செலவில், பழைய வடிவத்திலேயே மறுபடி கட்டினார்கள், 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். பார்க்க அதே மாதிரி இருக்கிறது, அருமையாகவும் இருக்கிறது. ஆனால் கடற்கரை நகரத்தின் அடையாளம் என்பதால் அந்தப் பணம் வந்தது, உங்கள் ஊர் அலுவலகம் விழுந்தால் உலக வங்கி வராது.

நிதி வந்துவிட்டது, மார்ச் 31க்குள் வேலை உத்தரவு கொடுக்காவிட்டால் பணம் திரும்பிவிடும் என்று அவசரப்படுத்துகிறார்களா? அப்படியானால் கட்டடத்தையும் பூங்காவையும் ஒரே டெண்டராகப் போடாதீர்கள், கட்டடத்தில் செலவு ஏறினால் வெட்டு விழுவது பூங்கா ஒதுக்கீட்டில்தான். இந்த வருடமே செய்யக்கூடியவை: பூங்கா எல்லையை அளந்து கல் நட்டுச் சுற்றுச்சுவர், எல்லாக் கட்டடங்களுக்கும் உறுதித்தன்மைச் சோதனை, பதிவேடுகளை ஸ்கேன் செய்வது, கூரையில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுத்து வடிகுழாயைச் சரிசெய்வது. நீங்கள் கடைசியில் எந்த வழியில் போனாலும் இவற்றில் சோதனையும் ஸ்கேனும் எல்லைக்கல்லும் வீண்போகாது. கூரை வேலை மட்டும் இடிப்பதாக முடிவானால் வீண், அதுவும் சில ஆயிரம் ரூபாய்தான், அடுத்த மழைக்கு பக்கெட்டாவது தேவைப்படாது.